பார்லர் அக்கா முகம் கழுவிய கதை

பார்லர் அக்காவுக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. பாறைக்காட்டை உடைத்துப் புதிதாகக் கட்டிய குடியிருப்பில், வீட்டு முன்னறையையே கடையாக்கியிருந்தாள். மேக்கப் இல்லாமல் வாசலுக்குக்கூட வரமாட்டாள்.

"என் மூஞ்சிதாங்க கடை போர்டு. போர்டு அழிஞ்சா யாரு உள்ள வருவா?" என்பாள்.

கொத்தனாரான கணவர், "செவுத்துக்குக்கூட நான் இவ்வளவு பூசினதில்ல" என்பார்.

அந்தப் போர்டில், வலது கன்னத்தில், ஒரு தடிப்பு வந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை, மாதங்கள் போயும் ஆறவும் இல்லை. புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வாடிக்கைக்காரர்கள் சிலர் அதே மாதிரித் தடிப்போடு வந்தார்கள். அவர்களிடமும் கைவரிசையைக் காட்டி, இருந்த இடம் தெரியாமல் மறைத்து அனுப்பினாள்.

கணவரின் நச்சரிப்புத் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள், முழு மேக்கப்போடு.

"கன்னம் நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார் டாக்டரம்மா. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு களிம்போடு திரும்பி வந்தாள். அடுத்த முறையும் இதே கூத்து நடந்ததும் கணவர் தலையில் அடித்துக்கொண்டு கூடவே கிளம்பினார்.

"டாக்டரம்மா, மொதல்ல இவ மூஞ்சியக் கழுவச் சொல்லுங்க. உங்க கண்ணுலயே மண்ணத் தூவுறா!"

கழுவிவிட்டு வந்தவளைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. தடிப்பின் ஓரத்தைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது விளக்கினார். ஒட்டுண்ணியாம். மணல் ஈ என்ற பொடிப்பூச்சி கடித்து வருவதாம்.

"பயப்படாதீங்க, தொட்டா ஒட்டாது. ஊசி போட்டா ஆறிடும். ஆனா இந்தப் பக்கம் இது வந்ததே இல்லையே! ஒங்க ஒருத்தருக்குன்னா சுகாதாரத் துறையில தெருவுக்குப் பூச்சி மருந்தடிக்க ஆள் அனுப்பமாட்டாங்க."

ஒருத்தரா? தன் கையால் பூசி மறைத்த கன்னங்களும் கைகளும் அக்காவின் கண்முன் வந்தன. வெளியே சொன்னால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். சொல்லாவிட்டால், பூச்சி கடித்துக்கொண்டே இருக்கும், இவள் பூசிக்கொண்டே இருப்பாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெறும் முகத்தோடு கடையைத் திறந்தாள். முதலில் வந்தவள் கல்யாணம் நிச்சயமான கடைசி வீட்டுப் பெண். மூக்கில் தடிப்பு.

"அய்யோ, என்னக்கா கன்னத்துல?"

"ஒன் மூக்குல இருக்கே, அதேதான். தெரியாம மூடி மூடி வெச்சேன்டி, தப்பு எம்மேலதான். வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கல்யாண போட்டோ இருக்கேக்கா..."

"அன்னிக்கு ஒன்ன ராணியாக்குறது என் பொறுப்பு. இன்னிக்கு மூஞ்சியக் கழுவு."

இருவரும் கதவு கதவாகத் தட்டினார்கள். ஒரு வீட்டில் முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டுக்காரி அக்காவின் கன்னத்தையே பார்த்தாள். பிறகு தன் முழங்கைப் பூச்சைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். அதன்பின் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தா நிரம்பியது. டாக்டரம்மா எட்டிப் பார்த்துத் திகைத்தார்.

"என்னம்மா இது கூட்டம்?"

"ஒருத்தர்னு சொன்னீங்களே, எண்ணிக்குங்க. எல்லாரையும் மூஞ்சி கழுவ வெச்சுதான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

டாக்டரம்மா எண்ணவில்லை. போனை எடுத்து, மருந்தடிக்க உடனே ஆள் அனுப்பச் சொன்னார்.