உப்புப் பார்க்கும் உத்தியோகம்

மனைவி போய்ச்சேர்ந்த பிறகு ஒற்றை இலை முன்னால் உட்கார எனக்குப் பழகவில்லை. எதிரே ஆளில்லாமல் சோற்றைப் பிசைவது, காலி மண்டபத்தில் பிரசங்கம் செய்கிற மாதிரி. ஊர் சுற்றினால் சரியாகும் என்றார்கள் உறவினர்கள். மதுரையிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறி, கொழும்பிலும் கண்டியிலும் விதவிதமான மேசைகளில் தனியாகச் சாப்பிட்டேன். மேசைதான் மாறியது.

திரும்பும் வழியில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மறித்துக்கொண்டது. கடல் அடங்கும்வரை தனுஷ்கோடிக்குக் கப்பல் கிடையாது என்று தலைமன்னாரில் கைவிரித்துவிட்டார்கள். மன்னார் வாடிவீட்டில் போய்த் தங்கினேன். சர்க்கீட் என்று ஊர் ஊராகச் சுற்றி வரும் துரைமாருக்காகக் கட்டிய பயணியர் விடுதி அது. துரை எவரும் வராததால் அத்தனை நாற்காலிகளும் எனக்கே. வாசலில் கழுதைகள் நின்றன. அவற்றோடு பேசத் தொடங்கியபோதுதான் என் நிலைமை எனக்கே புரிந்தது.

வாடிவீட்டைப் பார்த்துக்கொண்டவர் முசலிப் பக்கத்து முஸ்லிம், என் வயதுக்காரர். சமையலும் அவரே. காற்றால் மீன்பிடி நின்றிருந்ததால் மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. வைத்துவிட்டுச் சுவரோரமாக நிற்பார்.

"நீங்களும் உட்காருங்க பாய், சேர்ந்து சாப்பிடலாம்."

"இல்லை ஐயா, நீங்க சாப்பிடுங்கோ."

மறுநாளும் அதே பதில். யார் யாரோடு உட்கார்ந்து உண்ணலாம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் பெரிய சாஸ்திரமே உண்டு. அது கடல் தாண்டி வந்துவிட்டது போலிருக்கிறது, இவர் என்னை எந்தப் படியில் வைத்திருக்கிறாரோ என்று மனம் சுருங்கினேன். குழம்பிலோ, உப்பில் ஊறிய கருவாட்டுக்கு மேல் இன்னும் ஒரு பிடி உப்பு. கூட உட்காராத மனிதரிடம் குறை சொல்ல வாய் வரவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டேன்.

ஒரு பிற்பகல் அவர் அகப்பையும் கையுமாக வந்து நின்றார்.

"ஐயா, இந்தக் கஞ்சியில உப்புப் பாத்துச் சொல்லுவீங்களோ?"

"ஏன், நீங்களே பார்க்கக் கூடாதா?"

"நோன்பெல்லோ ஐயா, வாயில வைக்கமாட்டன். வீட்டில எண்டா சின்னதுகள் பாத்துச் சொல்லும். இங்க நோன்பில்லாத வாய் உங்கட வாய் மட்டுந்தான்."

ரமலான் மாதம்! அதைப் பற்றிப் புத்தகத்தில் படித்தவன்தான், பிறையைத்தான் பார்க்கவில்லை. தண்ணீர்கூடத் தொடாத மனிதரைத் தினமும் உச்சிவேளையில் விருந்துக்கு வற்புறுத்தியிருக்கிறேன்.

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க கூச்சப்பட்டுச் சாப்பிடமாட்டீங்கள்."

எனக்கு இலங்கையில் கிடைத்த முதல் உத்தியோகம். கஞ்சியை நாக்கில் விட்டு, கண்ணை மூடி யோசித்து, "உப்புப் போதாது" என்றேன். போட்டார். "இன்னும் கொஞ்சம்." அதையும் போட்டார்.

"பொழுதுபட பின்பக்கம் வாங்கோ ஐயா. உப்புப் பாத்தவர் குடிக்காமல் இருக்கக் கூடாது."

பின் விறாந்தையில் ஓலைப்பாய் விரித்திருந்தது. அரிப்பு என்ற கரையோர ஊரிலிருந்து அவருடைய மச்சானும் வந்திருந்தார். காற்றால் கடலுக்குப் போகாத மீனவர். பள்ளிவாசலில் பாங்கு சொல்வது கேட்டதும் பேரீச்சம்பழம் தின்று, கஞ்சிக் கோப்பையை எடுத்தோம். முதல் மிடறிலேயே மச்சானின் முகம் கோணியது. அந்தக் குழம்பைத் தின்று தின்று என் நாக்கு மரத்துப்போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மச்சான், கஞ்சிய எங்க காய்ச்சினனீ, கடலுக்குள்ளயோ?"

"ஐயாதான் உப்புப் பாத்தவர்."

"அப்ப சரி. கப்பல் விடேல்லை எண்டு கடலைக் குடிச்சு முடிக்கப் பாக்கிறார். முடிஞ்சா நடந்தே போயிடலாமெல்லோ!"

சிரித்ததில் எனக்குக் கஞ்சி மூக்கில் ஏறியது. சாப்பிடும்போது என்னைக் கேலி செய்ய ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

அதன்பின் தினமும் உப்புப் பார்த்தேன். மத்தியானக் குழம்பைக்கூட அடுப்பிலிருக்கும்போதே ருசித்ததில் என் நாக்கு மெல்லத் திருந்தியது. காற்று அடங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட பயணி அந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

அடங்கிவிட்டது. என் பெட்டியை அவரே ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தார்.

"பெருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கு. இனி ஆர் ஐயா உப்புப் பாக்கிறது?"

"வாசலில் கழுதை நிற்கிறதே, என் இடத்துக்குப் பொருத்தமாக இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

மதுரையில் சமையற்காரர் ஒற்றை இலை போட்டு ரசம் ஊற்றினார். நாக்கில் விட்டு, கண்ணை மூடி யோசித்து, "உப்புச் சரி" என்றேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் அடுக்களைக்குப் போயிருந்தார்.