ஒசாகாவில் புரட்டாசி

டிக்கெட் மலிவாகக் கிடைத்ததும் வாங்கிவிட்டோம். தமிழ் நாள்காட்டியைப் புரட்டிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை, என் வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை. ஒசாகாவில் போய் இறங்கியது நட்ட நடுப் புரட்டாசியில். போதாக்குறைக்கு, எங்கள் ஊர் கிள்ளானில் என் தங்கைக்குக் கழுத்துக் கட்டியை எடுக்க டாக்டர் குறித்த தேதியும் அந்தப் பயண நாள்களுக்குள்ளேயே வந்து விழுந்தது. பயணமே வேண்டாம் என்றேன்.

"நீ இங்க இருந்து என்னக்கா பண்ணப்போறே? போய்ட்டு வா லா," என்று அவள்தான் துரத்தினாள்.

வருஷா வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும் சைவ விரதம். இந்த முறை அவளுக்காக ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று நேர்ந்துகொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நாளன்று காலை கோட்டைக்குப் போனோம். மேல்மாடியிலிருந்து ஊரே தெரிகிறது என்று இவர் கூப்பிட்டார். ஊரை யார் பார்த்தது? நான் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை வீட்டுக்காரர் ஒரு வரி அனுப்பினால் விரலா தேய்ந்துவிடும்?

மதியம் சந்தைத் தெருவில் இவர் ஆக்டோபஸ் உருண்டையை ஊதி ஊதித் தின்றார். மனிதருக்கு எங்கே போனாலும் வயிறு மட்டும் மறக்காது. எனக்கோ பசியில் கண்ணைக் கட்டியது. ஒரு கடையில் வெறும் கோதுமை நூடுல்ஸ், தெளிந்த சூப், மேலே வெங்காயத்தாள். நம்பி, கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அதற்குப் பிறகுதான் இவர் மெனு அட்டையைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தார்.

"என்னம்மா, சூப்பே மீன்லதான் செய்றாங்களாம். நம்ம மாசிக் கருவாடு மாதிரி ஏதோ."

இந்நேரம் தங்கையை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருப்பார்களே என்றுதான் முதலில் தோன்றியது.

"தெரியாம சாப்பிட்டதுதானே, விடு," என்றார்.

அவர் மேல் கோபம், கடைக்காரர் மேல் கோபம், என் மேலும்தான். அப்புறம் எந்தக் கோயிலைப் பார்த்தோம், எந்தத் தெருவில் நடந்தோம், ஒன்றும் நினைவில்லை. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

சாயங்காலம் ரயில் நிலையத்தில் நிற்கும்போது தங்கையே போனில் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. கட்டியை எடுத்தாயிற்றாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? நர்ஸ் கஞ்சி குடுத்தாங்க. பாதி குடிச்ச பிறகுதான் மீன் கஞ்சின்னு தெரிஞ்சுச்சு. நீ நல்லபடியா திரும்பி வரணும்னு நேர்ந்திருந்தேன். உனக்கு ஏதும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

"ஒண்ணும் ஆகாதுடி," என்றேன். "மீதியையும் குடி."