கம்பெனி கேட்ட கடைசி வாய்தா

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். எழுத்துப் பிழைகளை மன்னிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பதினேழு வருடம் நின்றபடியே இரும்புப் பாகங்களைச் சோதித்து அனுப்பினேன். அங்கே நடந்த விபத்தில் முழங்கால் கெட்டது. அதிக நேரம் நிற்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஒரு ஸ்டூல் கேட்டேன். ஹெச்.ஆர். அதிகாரி என்னைவிடப் பத்து வயது சின்னவர். சீட்டைப் படிக்கவேயில்லை.

“உக்காந்துகினு வேலை செய்யணும்னா ஊட்லயே உக்காரு.”

மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வேலையும் ஸ்டூலும் வேண்டும் என்று திருவள்ளூர் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். என்னைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அதே அதிகாரி போன் செய்தார்.

“நாளைக்கு வக்கீலுங்கல்லாம் ஸ்ட்ரைக்கு. அந்தக் கால வெச்சிகினு அலையாத.”

எங்கள் வக்கீலம்மாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு நம்பிவிட்டேன். ஸ்ட்ரைக்கே இல்லை. வக்கீலம்மா கூப்பிட்டபோது போன் வீட்டில், நான் ரேஷன் கடை வரிசையில். ஆள் வரவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

“யார் இன்னா சொன்னாலும் நம்பிடுவீங்களாண்ணே? முப்பது நாளுக்குள்ள மனு போட்டாத்தான் கேஸ திரும்ப எடுப்பாங்க” என்று வக்கீலம்மா கடிந்துகொண்டார்.

மறுநாளே மனுவில் கையெழுத்துப் போட்டேன். வழக்கு மீண்டது. அதன்பிறகு ஒரு வாய்தாகூடத் தவறவில்லை. பெரியபாளையத்தில் பஸ் மாறி, கோர்ட் திறக்கும் முன்பே வாசலில் நிற்பேன். கம்பெனிக்குக் கொடுத்த கெடுக்களையும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அவர்கள் ஒருநாள் வழுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

வழுக்கினார்கள். தங்கள் சாட்சியத்துக்கு மூன்று முறை நேரம் வாங்கினார்கள். இதுவே கடைசி என்று ஜட்ஜ் சொன்ன நாளிலும் அதிகாரி ஆவணங்கள் இல்லாமல் வந்து, வராந்தா பெஞ்சில் எனக்கு நகர்ந்து இடம் விட்டார்.

“உக்காருங்கண்ணே. ஒரே ஒரு வாய்தா. ஆட்சேபணை இல்லன்னு உங்க வக்கீலம்மாவ சொல்லச் சொல்லுங்க. இல்லன்னா என் வேலையே பூடும்.”

நான் உட்காரவில்லை.

“இன்னிக்கு வக்கீலுங்க ஸ்ட்ரைக்கு சார். தெரியாதா? நீ ஊட்டுக்குப் போ.”

வக்கீலம்மா ஆட்சேபித்தார். இனி நேரம் கிடையாது என்று ஜட்ஜ் கம்பெனித் தரப்புச் சாட்சியத்தை அதோடு முடித்து வைத்தார். அதிகாரி போனில் யாரிடமோ “சார், சார்” என்று கெஞ்சியதைப் பக்கத்திலேயே நின்று கடைசிவரை கேட்டேன். முழங்கால் குத்தியது. நகரவில்லை.

“பாவம்யா, அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குமில்ல” என்றாள் என் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. சாதகமாக வந்தால், அந்த அதிகாரியின் அறைக் கண்ணாடி வழியே தெரியும் இடத்தில் என் ஸ்டூலைப் போடச் சொல்வேன்.

எழுதி முடித்தது ஐப்பசி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை.