பெரட்டுக்களத்தில் வாங்கிய கடிதம்

உள் காம்பராவில் தகரப் பெட்டியின் மூடி கிறீச்சிட்டது.

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த நாகலெட்சுமியின் கை அப்படியே நின்றது. அது அவளுடைய கல்யாணப் பெட்டி. தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் தவிர அதை யாரும் தொடுவதில்லை. அதன் அடியில், கூறைச் சேலையின் மடிப்புக்குள், நாலு வருஷமாக ஒரு கடிதம் கிடந்தது. அது அங்கே இருப்பது அவளுக்கும் மாரியம்மனுக்கும் மட்டுமே தெரியும்.

"என்னத்தத் தேடுற ஷாமிலா?"

"ஸ்கூல் சர்டிபிகேட்டுமா. நாளைக்கு ஆபீஸ் விசாரணைக்குக் கொண்டுபோகணும்ல."

"நீ கலைக்காத. நான் வந்து எடுத்துத் தாரேன்."

"வேணாம், கெடைச்சிருச்சு."

எது கிடைத்தது? சர்டிபிகேட்டா, மற்றதா? நாகலெட்சுமி மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மகள் பெட்டியை மூடிவிட்டு, ஒரு பழைய உறையோடு முன்பக்கம் வந்தாள். வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பிடித்துக்கொண்ட கெண்டைக்காலில் எண்ணெய் தேய்க்கத் தொடங்கினாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பெற்றவளுக்கு அந்த முகம்தான் பயமாக இருந்தது. திட்டிவிட்டால்கூடத் தேவலை. ஒன்றும் சொல்லாமல் எண்ணெய் தேய்க்கிறவளை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அக்கரப்பத்தனைக்கு மேலே, மூடுபனி வீட்டுக்குள் வந்து குந்துகிற உயரத்தில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். நாகலெட்சுமி அங்கேயே, ஒரே கூரையின் கீழ் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருந்த லயம் ஒன்றில் பிறந்து, பதினேழு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள். புருஷன் மலையில் குளவி கொட்டிச் செத்து ஏழு வருஷம். அதன் பிறகு அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து ஷாமிலா. அந்தப் பெண்ணுக்குக் கடவுள் கொடுத்தது இரண்டு கால்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆறு மைல் நடக்கச் சலித்து, ஓடியே பழகிய கால்கள். அந்தக் கால்கள்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் இலங்கை முழுவதற்குமாக நடந்த பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்தில் அவளை முதலாவதாகக் கொண்டுபோய் நிறுத்தின.

பரிசு வாங்கிய மேடையில் யாரோ மைக்கை நீட்டினார்கள். மற்றவர்கள் அம்மாவுக்கும் கோச்சுக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். ஷாமிலா வேறு ஒன்று சொன்னாள்.

"ஓடும்போது என் நெஞ்சுல ஒரு நம்பர் இருக்கு. எங்க வீட்டுக் கதவுல நம்பர் இல்ல. எங்க லயத்துல ஒருத்தருக்கும் சொந்த விலாசம் கெடையாது. கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேர் பதியிறப்போ சத்தம் போட்டுக் கூப்பிடுவாங்க. யார் கை நீட்டுறாங்களோ அவங்ககிட்ட குடுப்பாங்க. நாலு வருஷத்துக்கு முந்தி என்னையப் பயிற்சிக்குக் கூப்பிட்டுக் கடுதாசி போட்டாங்களாம். அது என் கைக்கு வரவே இல்ல. எங்களுக்கு மெடல் வேணாம், விலாசம் குடுங்க."

அந்தப் பேச்சு போனுக்குப் போன் தாவி, லிந்துலை, நானுஓயா என்று மலை முழுவதும் ஏறியிறங்கியது. நேர்முகப் பரீட்சைக்குப் போக முடியாதவர்கள், ஆஸ்பத்திரித் திகதி தப்பியவர்கள், எல்லோரும் தங்கள் தொலைந்த கடிதங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பொடியன்கள் பெயின்ட் வாளியோடு லயம் லயமாகப் போய்க் கதவுகளில் இலக்கம் எழுதினார்கள். ஊரே ஷாமிலாவைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பெற்ற தாய் மட்டும் அந்தப் பேச்சைப் போனில் கேட்ட நாளிலிருந்து சோறு இறங்காமல் கிடந்தாள்.

ஏனென்றால் அந்தக் கடிதத்துக்குக் கை நீட்டியவள் அவள்தான்.

"நாகு! ஏ நாகு!" பக்கத்துக் காம்பராவிலிருந்து அம்மாக்கண்ணுவின் குரல், கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக வந்தது. லயத்துச் சுவருக்குக் காது மட்டுமல்ல, வாயும் உண்டு. "ஒங்க வீட்டுக்குத்தான் ஆளு வருது. தபாலு சிவசாமி! மூஞ்சப் பாத்தா எழவு வீட்டுக்கு வர்ற மாதிரி இருக்கு!"

நாகலெட்சுமி வாசல் பக்கம் வந்து நின்றாள்.

சிவசாமி தோட்டத்து ஆபீசின் தபால் ஆள். தபாற்கந்தோரிலிருந்து பையைத் தூக்கிவந்து, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பவர். ஷாமிலா பேசிய பிறகு, வழியில் எதிர்ப்பட்டால் அவர் நாகலெட்சுமியின் கண்ணைப் பார்ப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனார். 'தெரியும். இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். அன்னைக்கு என் கையில குடுத்தத மறக்கல. எப்ப சொல்லலாம்னு பாத்துக்கிட்டு இருக்காரு' என்று அவள் ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். இதோ, அந்த நேரம் வந்தேவிட்டது.

"வாங்க மாமா" என்று ஷாமிலா எழுந்தாள்.

"இரும்மா, இரு. காலு நோவுதா?" சிவசாமி செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தார். வயது ஐம்பத்தெட்டு. ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. "தங்கச்சி, நல்லாருக்கியா?"

"இருக்கேண்ணே." அந்த 'நல்லாருக்கியா'வில் ஊசி இருந்ததா? இருந்ததாகவே அவளுக்குப் பட்டது.

அவர் வாங்கின் நுனியில் உட்கார்ந்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. பெரிய கிளாக்கரையா ஒரு பேப்பர் அடிச்சு வச்சிருக்காரு. 'எனது கடிதத்தைத் தபால் சிவசாமி கொடுக்காமல் விட்டார்'னு. ஷாமிலா அதுல கையெழுத்துப் போட்டா என் வேல போகும். வேல போனா காம்பராவும் போகும்."

"நான் ஒங்க பேரச் சொல்லவே இல்லையே மாமா! விலாசம்தானே கேட்டேன்?"

"நீ சொல்லல. அவங்க சொல்றாங்க. குத்தவாளி ஒருத்தன் கெடைச்சுட்டா அத்தோட கத முடிஞ்சிரும்ல? ஆளப் புடிச்சாச்சு, விரட்டியாச்சு, இனிமே எதுக்கு வீட்டுக்கு வீடு நம்பர்னு கேப்பாங்க."

ஷாமிலாவின் முகம் சிவந்தது. எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றாள். பிறகு நேராகக் கேட்டாள். "கோவிச்சுக்காதீங்க மாமா. அந்தக் கடுதாசி ஒங்க கைக்கு வந்துச்சா, இல்லையா?"

சிவசாமி தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கடைசியில் நாகலெட்சுமியைப் பார்த்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக, நேருக்கு நேர்.

"தங்கச்சி, ஒனக்கு எதும் ஞாபகம் இருக்கா? அந்த ஆடி மாச மழையில... நான் ஏதாச்சும் கடுதாசிய ஒங்க லயத்து ஆள் யாருகிட்டயாவது குடுத்ததப் பாத்தியா?"

ஐயோ, எவ்வளவு பக்குவமாகக் கேட்கிறார்! கயிற்றைத் தானே கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். 'இல்லை' என்றால் அடுத்த வார்த்தையில் உடைத்துவிடுவார். மகளோ பெட்டியைத் திறந்து கடிதத்தைப் பார்த்துவிட்டு, அம்மா வாயால் வரட்டும் என்று காத்து நிற்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு தன்னை நடுவில் நிறுத்திவிட்டார்கள் என்றே நாகலெட்சுமி நினைத்தாள். பக்கத்துக் காம்பராவில் அம்மாக்கண்ணுவின் இருமல்கூட நின்றுபோயிருந்தது. இங்கே சொல்வது லயம் முழுவதற்கும் சொல்வது. இருட்டுவதற்குள் தோட்டம் முழுவதற்கும் சொல்வது.

அடுப்பில் ரொட்டி தீய்கிற வாசம் வந்தது. யாரும் அசையவில்லை.

"எதுக்குண்ணே இப்புடிச் சுத்தி வளைச்சுக் கேக்குறீங்க?" என்றாள் நாகலெட்சுமி. குரல் உடைந்துவிட்டது. "நான்தான் வாங்கினேன். ஒங்க கையிலருந்து நான்தான் வாங்கினேன். அதான் ஒங்களுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியுமே! இன்னும் ஏன் என்னையச் சித்திரவத பண்றீங்க?"

சிவசாமி நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியாதே தங்கச்சி" என்றார் மெதுவாக.

நாகலெட்சுமி மகளைப் பார்த்தாள். ஷாமிலாவின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்துபோயிருந்தது.

"எந்தக் கடுதாசிய வாங்கினம்மா?"

"பொட்டியில... நீ பாக்கல?"

"நான் சர்டிபிகேட் மட்டுந்தானே எடுத்தேன்."

இருவருக்கும் ஒன்றும் தெரியாது! அவளாகவே சந்தேகப்பட்டு, அவளாகவே நடுங்கி, அவளாகவே கொட்டிவிட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தக் கடிதம் அவளோடு சுடுகாடு போயிருக்கும்.

ஷாமிலா நொண்டி நொண்டி உள்ளே போனாள். பெட்டி மறுபடியும் கிறீச்சிட்டது. சேலைகளை அள்ளிப்போடும் சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சிவசாமி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "மூணு வாரமா நான் ஒழுங்காத் தூங்கல. நனைஞ்சு போச்சோ, பையில ஒட்டிக்கிட்டு இருந்துச்சோ, எங்கயாச்சும் விழுந்துச்சோன்னு. ஒங்கள எல்லாம் பாக்கவே வெக்கமா இருந்துச்சு. என் பொண்டாட்டி கேக்குறா, 'நெசமாவே நீதான் தொலைச்சியா'ன்னு. நானே என்னைய நம்பல தங்கச்சி. லயத்துல ஒவ்வொரு வீடாக் கேட்டுட்டு வாரேன். ஒன் வீடு ஒம்பதாவது."

"அண்ணே..."

"பேசாத." அவர் அழுதார். அது ஆறுதலா ஆத்திரமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஷாமிலா கடிதத்தோடு வந்தாள். சிங்களத்தில் அச்சடித்த ஒரு பக்கம். நின்றபடி வாசித்தாள். அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும். "ஆகஸ்ட் பதினாலாந் திகதி காலையில எட்டு மணி. தங்குமிடம், சாப்பாடு அவங்களே குடுப்பாங்களாம்." மடித்தாள். "ஏம்மா?"

"எனக்கு அந்த எழுத்துத் தெரியாதுடி. பஸ் போர்டுல பாத்துப் பழகினதால கொழும்புங்குற எழுத்து மட்டும் தெரியும். கொழும்புலருந்து பேப்பர் வந்தா..." நாகலெட்சுமி சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். "ஒங்க சித்தி மீனம்மாவையும் இப்புடித்தான் ஒரு பேப்பரக் காட்டிக் கூட்டிட்டுப் போனாங்க. பெரிய வீடு, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவாங்கன்னு. பதிமூணு வயசு. ரெண்டு வருஷங் கழிச்சு இன்னொரு பேப்பர் வந்துச்சு. அதுக்குப் பின்னாடி பொட்டியில அவ வந்தா. தொறந்து பாக்கக்கூட விடல. நான் கும்புட்டுக் கெஞ்சினேன், விடல. பெரட்டுல அண்ணன் ஒன் பேரச் சொன்னதும் கட்டியிருந்த படங்குச் சாக்குக்குள்ள சொருகிக்கிட்டேன். கொழுந்தெடுக்குறப்போ அன்னைக்குப் பூரா அது இடுப்புல சுட்டுச்சு."

"அடிப் பாவி நாகு!" என்றது சுவர். "நாலு வருசமா எங்கிட்டக்கூடச் சொல்லலையே!"

"அம்மாக்கண்ணுக்கா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் ஷாமிலா. ஒரு பெருமூச்சோடு சுவர் அடங்கியது.

ஷாமிலா கடிதத்தை மறுபடியும் விரித்துத் திகதியைப் பார்த்தாள். பதினேழு வயதில் போகவேண்டிய இடத்துக்கு இருபத்தொரு வயதில் தானே ஓடிப் போய்ச் சேர்ந்தவள். இடையில் போன நாலு வருஷத்தை எந்த மைதானத்தில் ஓடிப் பிடிப்பது?

"மாமா," என்றாள் கடைசியில், "அந்தப் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு விசாரணையில உள்ளதச் சொல்றேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை விலாசம் கேட்டுப் போடுற கூட்டத்துலயும், மைக்கப் புடிச்சு."

"வேணாம் புள்ள! சிரிப்பாங்க. நம்பர் கேட்டு இத்தன சனம் கூடியிருக்கு. கடுதாசியத் திருடினது சொந்த அம்மான்னு தெரிஞ்சா, எல்லாம் பொய்யின்னு மூட்ட கட்டிருவாங்க" என்றார் சிவசாமி.

"சிரிக்கட்டும். பேரக் கூப்பிட்டா எந்தக் கையும் நீளலாம்னுதானே நான் சொன்னேன்? எங்கம்மா கை நீண்டுச்சு. வீட்டு நம்பரோட என் கையில வந்திருந்தா, இவங்க எடுத்திருக்க முடியுமா? ஒங்களத்தான் சந்தேகப்பட்டிருப்பாங்களா? மைக்குல அரகொறையாச் சொன்னத மைக்குலதான் திருத்தணும்."

"நீ சொல்ல வேணாம்" என்றாள் நாகலெட்சுமி தரையிலிருந்து. "நான் சொல்றேன். நாளைக்கு ஆபீஸ்லயும் சொல்றேன், கூட்டத்துலயும் சொல்றேன். என் வாயால."

மகள் திரும்பினாள். அழுகை இல்லை. பந்தயத்தில் பக்கத்தில் ஓடுகிறவளை அளக்கிற மாதிரி அம்மாவை அளந்தாள். பிறகு கேட்டாள்:

"வேற கடுதாசி ஏதாவது இருக்காம்மா?"

கத்தி சொருகியிருந்தால்கூட நாகலெட்சுமி அவ்வளவு துடித்திருக்க மாட்டாள்.

"இல்லடி. அம்மன் மேல சத்தியமா இல்ல."

"ம்" என்றாள் ஷாமிலா. நம்பிவிட்ட 'ம்' அல்ல அது. இத்தனை நாளும் எல்லோரையும் சந்தேகித்தவள் நாகலெட்சுமி. இனி அவளைச் சந்தேகிக்கிற முறை மகளுடையது. அது எத்தனை நாள், எத்தனை வருஷம் என்று யார் சொல்ல முடியும்?

சிவசாமி எழுந்தார். இது வெளியாள் உட்கார்ந்து பார்க்கிற காட்சி அல்ல என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "பத்து மணிக்கு வந்துரு தங்கச்சி" என்றார். நாகலெட்சுமி தலையசைத்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நாலு எட்டில் மூடுபனி அவரை விழுங்கியது. அவர் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஷாமிலா, அம்மாவின் பக்கம் திரும்பாமலே கதவைச் சாத்தினாள்.