ஓடைக்கல்லில் நீலக் குருவி

நுவரெலியா ஏரிக்குப் பின்னாலுள்ள காட்டோடைக்கு, தேயிலைத் தோட்ட நிர்வாகியான தொரையின் தேத்தண்ணிக் கூடையைச் சுமந்து முன்னால் போனேன். அங்கே தேயிலைச் செடி வெட்டும் வேலை போன கவ்வாத்துக்காரர் ஒருவர், பனியில் நனைந்து ஒடுங்கிக் குந்தியிருந்தார். தொரை பார்க்கத் துடிக்கும் நீலக் குருவியைக் காட்டினால் அவர் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கலாம்; காட்டாவிட்டால் பிள்ளைகளோடு நாளைக்கே வெளியேற வேண்டும்.

"வந்திருச்சாங்க அண்ணே?"

"அந்தா, கல்லு மேல. மூச்சு விடாத தம்பி."

பைனாக்குலரோடு தொரை மெல்ல வந்தார். அவரைக் கண்டதும் அந்த மனிதர், தொரை கண்ணில் படும்வரை தலையில் துண்டு கூடாது என்ற தோட்டத்து வழக்கப்படி விசுக்கென்று எழுந்து, தலைத்துண்டை உருவி, "சலாமுங்க தொரை!" என்று கத்திவிட்டார்.

குருவி பறந்துவிட்டது. தொரை திரும்பி நடந்தார்.

"துண்டக் கட்டிக்குங்கண்ணே, பனி கொட்டுது."

"தொரை இன்னும் வளைவுல தெரியிறாருப்பா" என்றார், குனிந்தபடியே.