விட்டுப்போன பதினொரு பக்கம்

1. கோர்ட்டில் ஒரு கேள்வி

"குறுக்கு விசாரணை எங்கே?" என்று நீதிபதி கேட்டபோது, ஃபைலை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. வக்கீலாக முப்பது வருட சர்வீஸ் எனக்கு. டெல்லி சுப்ரீம் கோர்ட், நாட்டின் கடைசி கோர்ட். பின்வரிசையில், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்த பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி இசக்கி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று ஒன்பது வருடமாக உள்ளே இருந்தான். அன்று ஜாமீன் கிடைக்காவிட்டால், அப்பீல் விசாரணைக்கு வரும்வரை அவனுக்கு விடிவில்லை. அதற்கு எத்தனை வருடம் ஆகுமோ, யாருக்குத் தெரியும்.

நாலாம் சாட்சி ஒரு டீக்கடைக்காரர். அவர் வாக்குமூலம் தமிழில் இருந்தது. அரசுத் தரப்பு கேட்ட முதல் விசாரணையை மட்டும் ஆங்கிலத்தில் கொடுத்திருந்தேன். கீழ்க்கோர்ட்டில் நம் தரப்பு வக்கீல் செய்த குறுக்கு விசாரணையைக் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், எங்கள் தொழிலில் யாருக்கு எப்படிக் காசு வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இளம் வக்கீல்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதும் அதைத்தான்.

2. யாருக்கு எப்படி

கறுப்புக் கோட்டு எல்லாருக்கும் ஒன்றுதான், வரும்படி ஒன்றல்ல. ஆர்பிட்ரேஷன் என்கிற மத்தியஸ்தத்தில் வாதாடும் வக்கீலுக்கு ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு என்று பேச்சு. கம்பெனி வேலை பார்ப்பவருக்கு மணிக்கணக்கு, போனில் "ஹலோ" சொன்னதுகூட பில்லில் ஏறும். செக் பவுன்ஸ் கேஸ்களை பேங்க்காரர்கள் மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார்கள். ஃபைலுக்குச் சொற்பம்தான், ஒரே காலையில் நாற்பது ஃபைலுக்கு ஆஜராகித் தொண்டை கட்டினால் வாடகைக்கு ஆகும். அரசு வக்கீலுக்கு ஹியரிங் கணக்கு. லீகல் எய்ட் என்கிற இலவச சட்ட உதவியிலோ கேஸ் முழுவதற்கும் ஒரே தொகை. டைப்பிங், ஜெராக்ஸ், மெட்ரோ எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

என் மயூர் விஹார் ஃப்ளாட்டுக்குத் தவணை கட்டியது இவற்றில் எதுவுமில்லை, தமிழ்தான். தமிழ்நாட்டு வழக்குகள் டெல்லிக்கு வந்தால் பத்திரம், வாக்குமூலம் எல்லாவற்றையும் ஆங்கிலமாக்க வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று ரேட். பசையுள்ள கட்சிக்காரரின் நிலத் தகராறு என்றால் பத்திரத்தின் பின்புறம், சார்பதிவாளர் சீல், முத்திரைத்தாள் விற்றவரின் கையெழுத்து வரை எதையும் விடமாட்டேன். என் கிளார்க் திவாரி இந்தியில் கிண்டலடிப்பார், டீக்கறைகூட இருக்கிறதே, அதையும் மொழிபெயர்த்துவிடலாமா மேடம் என்று. சிரித்துக்கொண்டே பில் போடுவேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை, உழைத்த காசு.

அந்த வாரமும் அப்படி ஓர் ஆர்பிட்ரேஷன் மூட்டை வந்திருந்தது. ஜல்தி ஜல்தி என்று ஒரே நச்சரிப்பு. இசக்கியின் கேஸோ லீகல் எய்ட். டீக்கடைக்காரரின் குறுக்கு விசாரணை மட்டும் பதினொரு பக்கம். முதல் இரண்டு பக்கத்தைப் புரட்டினேன். வக்கீல் கேட்டதற்கெல்லாம் "என்று சொன்னால் சரியல்ல" என்றே பதில் பதிவாகியிருந்தது. வழக்கமான மறுப்புதானே, ஒன்பது வருடம் சிறையில் இருந்ததே ஜாமீனுக்குப் போதும் என்று மூடிவைத்தேன். காசு வராத பக்கம் என்பதால் மூடினாய் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இன்றைக்குச் சொன்னால், ஆமாம் என்பேன்.

3. படித்தது

மூலம் கையில் இருக்கிறதா, இருந்தால் இங்கேயே படித்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. படித்தேன். சரியல்ல, சரியல்ல, சரியல்ல. எட்டாம் பக்கம் வரை அதேதான். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. "இசக்கியின் கையில் ஆயுதம் எதுவும் இல்லை என்று சொன்னால் சரிதான். அவர் சண்டையை விலக்கிவிடத்தான் வந்தார் என்று சொன்னால் சரிதான்."

ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீதிபதி மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு அரசு வக்கீல் ராகவனைப் பார்த்து, மொழிபெயர்ப்பு சரியா என்று கேட்டார். ராகவன் ஆர்.கே.புரத்துத் தமிழர். முறைப்படியான மொழிபெயர்ப்பு வரட்டும், நாலு வாரம் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு ஒரு ஹியரிங் கூடும், இசக்கிக்கு இன்னும் ஒரு மாதம். ராகவன் எழுந்து, சரியாகத்தான் சொல்கிறார் என்றார். ஜாமீன் கிடைத்தது.

வராந்தாவில் அவரைப் பிடித்து நன்றி சொன்னேன்.

"அட, அதை விடுங்க மேடம். அந்தப் பக்கத்தை நான் போன வாரமே படிச்சுட்டேன். இவ்ளோ நல்ல பாயிண்ட்டை நீங்க ஏன் ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு அன்னையிலேருந்து மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

ஏதோ பெரிய திட்டம் என்று நினைத்திருக்கிறார் மனிதர். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் பேச்சியம்மாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் நடந்தது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, தம்பி வருகிறான் என்பது மட்டும் புரிந்தது. நீங்கள்தான் தெய்வம் என்று அழுதாள். சும்மா கேட்டுக்கொண்டு நின்றிருக்கலாம். முடியவில்லை. நான் போடாமல் விட்ட பக்கத்தில்தான் உன் தம்பியின் விடுதலை இருந்தது, நீதிபதி கேட்டதால் தப்பித்தோம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழுகை நின்றது. "அந்தய்யா கேக்கலேன்னா என்னம்மா ஆயிருக்கும்?"

"உள்ளதான் இருந்திருப்பாரும்மா."

திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சரி, போகட்டும். அடுத்து வார ஆளுக்கு முழுசாப் போட்டுருங்க."

அன்றிலிருந்து முழுசாகத்தான் போடுகிறேன். எந்த பிராக்டிஸில் காசு என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு எல்லா ரேட்டையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சொல்லி முடித்ததும், பேச்சியம்மாள் சொன்னதையும் அவள் சொன்னபடியே சொல்லி அனுப்புகிறேன்.