பாதுகாப்புச் சங்கத்தில் ஒரு கைத்துப்பாக்கி

அகதி என்று விண்ணப்பித்தவனுக்கு ஜெர்மனியில் முதலில் கிடைப்பது ஒரு கட்டில், அடுத்துக் கிடைப்பது ஒரு மறுப்புக் கடிதம். எனக்கு இரண்டும் ஒழுங்காகக் கிடைத்தன. எண்பதுகளின் நடுப்பகுதி. எசன் நகரத்திலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக இரண்டு மணித்தியாலம் தள்ளி, மலைப்பாங்கான ஒரு சிறிய ஊரில், இழுத்து மூடிய விடுதி ஒன்றின் மேல்மாடியில் எங்களை வைத்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. சும்மா இருப்பதற்கு மட்டும் முழு அனுமதி இருந்தது.

என்னோடு அறையில் இருந்த அண்ணைக்கு ஐம்பது வயது. ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு ஜெர்மன்-ஆங்கில அகராதி இருந்தது. அது கையில் இருந்தபடியால் தனக்கு ஜெர்மன் தெரியும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். அது என் பிழை.

மறுப்புக் கடிதத்தை அவர் மூன்று நாள் வைத்துப் படித்தார். என் கதை நம்பும்படி இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அப்படியொன்றும் பெரிய கதை இல்லை. யாழ்ப்பாணத்தில் டைப்ரைட்டர் திருத்தும் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னாலிருந்த வளவில் இராணுவம் ஒரு கைத்துப்பாக்கியைக் கண்டெடுத்தது. அதற்காக என்னை நான்கு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். நானோ பிறந்ததிலிருந்து துப்பாக்கி எதையும் தொட்டதில்லை. மேன்முறையீட்டில் இதை ஜெர்மன் நீதிமன்றம் நம்பினால் இருக்கலாம், நம்பாவிட்டால் ஊருக்கு விமானம்.

"இந்தக் கடிதத்திலை ஷூட்ஸ் எண்டு ஒரு சொல்லு நாலு தரம் வருது," என்றார் அண்ணை. "பாதுகாப்பு எண்டு அர்த்தம். உமக்குப் பாதுகாப்புத் தர ஏலாது எண்டு எழுதியிருக்கினம்."

அடுத்த கிழமை கடைத்தெருவிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில் 'ஷூட்ஸன்ஃபெரைன்' என்று பலகை தொங்குவதைக் கண்டுவிட்டார். ஃபெரைன் என்றால் சங்கம். ஷூட்ஸன் என்றால் பாதுகாத்தல். அகராதியில் விரலை வைத்துக் காட்டினார்.

"பாதுகாப்புச் சங்கம். இந்த ஊருக்குள்ளையே இருந்திருக்கு. நாங்கள் தெரியாமல் இருந்திருக்கிறம், பாத்தீரே."

"ஷூட் எண்டு இங்கிலிசிலையும் ஒரு சொல்லு இருக்கெல்லே அண்ணை."

"உது ஜெர்மன். கேக்க ஒரே மாதிரி இருந்தா அர்த்தமும் ஒண்டாகுமே? பேசாமல் வெளிக்கிடும்."

பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்திருந்தன. அது பாதுகாப்பு வளையம் என்று போகிற வழியில் எனக்கு விளக்கினார். அந்த மொழியில் பாதுகாப்பதற்கும் சுடுகிறவர்களுக்கும் ஒரே சொல்தான், எழுத்துக்கூட மாறாது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த அன்று அந்த அகராதியை எடுத்து மழையில் எறியலாமா என்று யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, என் வழக்குக் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனோம். பச்சைச் சட்டை போட்ட பத்துப் பன்னிரண்டு கிழவர்கள் பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணிக்குப் பியர் குடிக்கும் அதிகாரிகளை நான் அதுவரை கண்டதில்லை. அண்ணை முன்னால் போய், மனப்பாடம் செய்து வந்த வசனத்தை ஒப்புவித்தார். இவருக்கு ஷூட்ஸ் வேண்டும், தயவுசெய்து. இந்த மனிதன் சுடப் பழக விரும்புகிறான் என்றுதான் அவர்கள் காதில் அது விழுந்திருக்க வேண்டும். தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு ஒருவர் எழுந்து, என் வழக்குக் கோப்பை மரியாதையாக வாங்கி மேசையில் வைத்துவிட்டு, எங்களை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கந்தோர் கீழேதான் போலும் என்று நினைத்தேன்.

அவர் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே சிறிய கைத்துப்பாக்கி ஒன்று படுத்திருந்தது.

நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். "அண்ணை, போவம்," என்றேன்.

"பொறும். இது சோதினை. நீர் துவக்குப் பழகின ஆளோ எண்டு பாக்கினம். நல்லா நடுங்கும்."

அதை அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஐந்து தரம் சுட வைத்தார்கள். தூரத்தில் தொங்கிய காகிதத்தில் ஒரு கீறல் இல்லை.

"திறம்," என்றார் அண்ணை. "ஒண்டும் படேல்லை. பாஸ்."

கிழவர்களோ பரிதாபப்பட்டு, இன்னொரு தரம், இன்னொரு தரம் என்றார்கள். நல்லவேளையாகத் துப்பாக்கி இறுகிக்கொண்டது.

துப்பாக்கியின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற இறைச்சிக்கடைக்காரர். அது பொயின்ட் டூ டூ என்னும் குட்டி ரவையைப் போடும் வகை. ரவையின் அடிவிளிம்பில் ஊசி குத்தினால்தான் வெடிக்கும். சில ரவைகள் குத்து வாங்கியும் பேசாமல் இருக்கும். அவற்றை எடுத்துச் சற்றுத் திருப்பிப் போட்டால் சிலவேளை மனம் மாறும். அவர் ஐந்தாறு நிறுவனங்களின் ரவைகளை வாங்கி வைத்துக்கொண்டு, இதை அவள் சாப்பிடுவாள், இதைத் துப்பிவிடுவாள் என்று பேசுவார். துப்பாக்கி அவருக்குப் பெண்பிள்ளை. தடித்த விரல்களால் அதை உலுக்கிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. பயத்தை மீறி எனக்கு எரிச்சல் வந்தது. இருபது வருடம் டைப்ரைட்டர் திருத்தியவன் நான், ஒரு வில் பிழையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ரவைகளை அடுக்கும் மகசினைக் கழற்றிப் பார்த்தேன். மேல்வாய் ஒரு பக்கம் மயிரளவு விரிந்திருந்தது. அவருடைய சாவிக்கொத்தால் மெதுவாக அமுக்கிக் கொடுத்தேன். அடுத்த பத்து ரவையும் மறுபேச்சில்லாமல் போயின. கிழவர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

அடுத்த ஞாயிறும் போனோம், சோதனையின் இரண்டாம் கட்டம் என்று. மூன்றாம் ஞாயிறு அவர்கள் சுடும் போட்டிகளில் வென்ற வெள்ளிக் கிண்ணங்களைக் காட்டியபோதுதான் இது என்ன சங்கம் என்று விளங்கியது. அண்ணை அகராதியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். நான் நாலாம் ஞாயிறும் போனேன்.

ஏன் போனாய் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன். அங்கே எனக்கு வேலை இருந்தது. இழுபடும் விசை, கக்கப்படாமல் வாயில் சிக்கும் வெற்று ரவைக் கோது, தேய்ந்த வில் எல்லாம் என்னிடம் வந்தன. அந்த ஊரில் என் கைக்காக யாராவது காத்திருந்த ஒரே இடம் அந்த நிலவறை. முதல் மாதம் ஒவ்வொரு வெடிக்கும் என் தோள் காதுவரை ஏறும். ஒரு நாள் ஏறவில்லை. அதற்குப் பிறகு இறைச்சிக்கடைக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க, நானும் சுட்டேன். காகிதத்தின் நடுவில் ஓட்டை விழும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட வெட்கமாகவும் இருந்தது.

நீதிமன்றத்துக்கு டெர்மின், அதாவது விசாரணைத் திகதி, வந்தது. சங்கத்தார் கேள்விப்பட்டு, எனக்காக ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முத்திரை குத்தித் தந்தார்கள். திறந்து பார்ப்போம் என்றேன்.

"ஒட்டின கடிதத்தை உடைக்கிறதோ? நான் தபால் கந்தோரிலை இருந்தனான்," என்றார் அண்ணை. கோப்பின் முதல் தாளாக வைத்தார்.

நீதிபதி உறையை வெட்டிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மொழிபெயர்ப்பாளராக வந்திருந்தவர் சென்னைப் பக்கத்து மாணவர். அவர் என் பக்கம் குனிந்தார்.

"சார், உங்க பெட்டிஷன்ல வாழ்க்கையில வெப்பனையே தொட்டதில்லைன்னு இருக்கு. இந்த லெட்டர்ல, பிஸ்டலைக் கழட்டி மாட்டறதுல உங்களை மாதிரி ஆள் இல்ல, ஃபிஃப்டிக்கு ஃபார்ட்டி எய்ட் ஸ்கோர் பண்றீங்கன்னு இருக்கு. எது கரெக்ட்னு ஜட்ஜ் கேக்கறார்."

"ரெண்டும்," என்றேன்.

"ரெண்டுமா?"

"ஊரிலை தொடேல்லை. இங்கை வந்துதான் தொட்டனான். ஞாயிற்றுக்கிழமையளிலை. பத்து மணிக்கு."

அவர் மொழிபெயர்த்தபோது பதிவெழுதிய பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். நீதிபதி சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பிஸ்டல் யாரோடதுன்னு கேக்கறார் சார்."

ஊரில் நான்கு மாதம் இராணுவம் இதே கேள்வியைத்தான் கேட்டது. தெரியாது என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது எனக்குப் பதில் நன்றாகத் தெரியும். ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார்.

எனக்கு இருக்க அனுமதி கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு வர மாதக்கணக்கானது, அதில் துப்பாக்கியைப் பற்றி ஒரு பந்தி முழுக்க இருந்தது. ஆனால் அன்றைய நாளை நினைத்தால் தீர்ப்பு நினைவுக்கு வருவதில்லை.

பின்வரிசையில் கதிரை ஒன்று கிரீச்சிட்டது. விசாரணை பார்க்க வந்திருந்த இறைச்சிக்கடைக்காரர் எழுந்து நின்றார். சங்கத்துப் பச்சைச் சட்டை, நெஞ்சு நிறையப் பதக்கங்கள். பார்வையாளர் பேசக்கூடாது என்று நீதிபதி கையை உயர்த்தினார். கிழவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கடையில் ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரலில், அது என்னுடையது என்றார். உரிமப் பத்திரத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

நான் மேசையில் முகத்தை வைத்து அழுதேன். கடைக்குப் பின்னால் கிடந்த அந்தத் துப்பாக்கிக்கும் ஒரு சொந்தக்காரன் இருந்திருப்பான். நான் உள்ளே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். நான்கு மாதமும் அவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. இங்கே இந்தக் கிழவர், நீதிபதி இரண்டு தரம் உட்காரச் சொல்லியும் உட்காராமல், என்னுடையது, என்னுடையது என்று சொல்லிக்கொண்டே நின்றார்.